அண்ணாச்சியின் கூலி நோட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பலசரக்குக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த நீளம். முதுகில் சிவப்புத் துணி ஒட்டியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'கூலிக் கணக்கு, 1985 முதல்'. உள்ளே தேதி, பெயர், வேலை நடந்த இடம், முழு நாளா அரை நாளா, கொடுத்த ரூபாய், கடைசிக் கட்டத்தில் வாங்கியவன் கையெழுத்து. சங்கரன்கோவிலில் எனக்கு ஒயரிங் வேலை கற்றுக்கொடுத்த அண்ணாச்சி எழுதிய நோட்டு அது. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது.

ஒயரிங் வேலையின் பழங்கதையை யாரிடம் கேட்டாலும் சாமான்களின் கதையைத்தான் சொல்வார்கள். தேக்கு ரீப்பரில் லிங்க் கிளிப் அடித்து ஒயர் ஓட்டிய காலம், பிறகு பைப், பிறகு சுவருக்குள் மறைத்த கன்சீல்டு. அந்த ஒயரை ஓட்டியவனுக்குக் கையில் அடிபட்டால் அவன் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது இந்த மாதிரி நோட்டுகளில்தான் கிடக்கிறது. எங்கள் கைக்கு யார், எப்போது, எவ்வளவு என்று விலை எழுதினார்கள்? நாற்பது வருடமாக நான் விசாரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்று முதல் தென்காசி மாவட்டம். வெளியூர்க்காரர்களுக்கு சங்கரநாராயணர், கோமதியம்மன், ஆடித்தபசு. எங்களுக்கு அதோடு தறிச் சத்தமும் சேர்ந்ததுதான் ஊர். சேலையும் துண்டும் நெய்யும் விசைத்தறிகள் ராத்திரியிலும் ஓடும். கரண்ட் போனால் தெருவே சட்டென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் திடுக்கிட்டு எழுந்திருக்கிற குழந்தைகள் உண்டு. ஒரு ஊரின் உறக்கமே மின்சாரத்தோடு இப்படிப் பின்னிக்கிடக்கும்போது, அந்த மின்சாரத்தைக் கையால் தொட்டு வேலை செய்கிறவன் முக்கியமானவன் என்றுதானே நினைப்போம்.

தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை வைத்து ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துப் பக்கம் பஞ்சாலை ஓட்டத் தொடங்கியது 1885-இல். அப்போது சுழன்றது தண்ணீரின் விசையிலேயே. மின்சாரம் வந்தது பிறகு. பைக்காரா 1932-இல் தொடங்கியது, மேட்டூர் 1937-இல், எங்கள் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல். அதற்கப்புறம்தான் திருநெல்வேலிச் சீமையின் ஊர்களுக்கும் கிணறுகளுக்கும் கம்பி இழுக்கும் வேலை வேகம் பிடித்தது. 1957 ஜூலை 1-இல் மின்சார வாரியம் வந்தது.

இந்த வருடங்களை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு வருடத்தைப் பாருங்கள்: 1923. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்ட வருடம். 1924 ஜூலை 1 முதல் அமல். பாபநாசம் விளக்கு எரிவதற்கு இருபது வருடம் முன்னாலேயே, கரண்ட் வேலையில் கை போனால் வேலைக்கு வைத்தவன் பணம் தரவேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். மின்சாரத்தை உண்டாக்குவது, கொண்டுசெல்வது, பகிர்ந்து கொடுப்பது ஆகிய வேலைகள் 2025 வரை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லியே இருந்தன. சாவுக்கு அன்று வைத்த தொகை முப்பது மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், எது குறைவோ அது. எது குறைவோ அது என்ற அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஆனாலும் அதற்கு முன்னால் செத்தவன் குடும்பத்துக்குக் கிடைத்தது முதலாளியின் இரக்கம் மட்டுமே. இரக்கத்தைக் கடனாக மாற்றிய சட்டம் என்ற வகையில் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சட்டத்தின் முதல் அட்டவணை ஒரு விலைப்பட்டியல். 2025 வரை இருந்தபடி சொல்கிறேன்: இரண்டு கையும் போனால் நூறு சதவீதம். ஒரு கை மணிக்கட்டோடு போனால் அறுபது. கட்டைவிரல் முழுதாகப் போனால் முப்பது. ஆள்காட்டி விரல் பதினான்கு. நடுவிரல் பன்னிரண்டு. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலைக்கு ஏழு. எலும்பு போகாமல் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை மட்டும் போனால் ஐந்து. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற எவனும் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்க்காமல் இருக்கமாட்டான்.

இதற்கு இணையாக இன்னொரு வழியில் லைசன்ஸ் சட்டங்கள் வந்தன. 1910-இல் இந்திய மின்சாரச் சட்டம், 1956-இல் இந்திய மின்சார விதிகள். அந்த விதிகளில் 45-ஆவது எங்கள் தொழிலுக்குத் தலைவாசல் மாதிரி இருந்தது: அரசு லைசன்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம்தான் மின் அமைப்பு வேலை நடக்கவேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் நேரடியாக மேற்பார்க்கவேண்டும். ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கு மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. ஐந்து வருடம் ஒயரிங் வேலையில் உதவியாளாக இருந்திருக்கவேண்டும், இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும். நான் அந்த வழியாக வந்தவன். தேர்வில் எர்த் குழியைப் பற்றிக் கேட்டார்கள். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, ஜி.ஐ. பைப்பை நட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று மளமளவென்று சொன்னேன். கை தேர்ந்ததா என்று சரியாகத்தான் சோதித்தார்கள். அந்தக் கை போனால் யார் பொறுப்பு என்று நானும் கேட்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்சூரன்ஸ் என்ற சொல் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அதே 1906-இல்தான் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் பிறந்தது. 1956-இல் இருநூற்று நாற்பத்தைந்து நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. உண்டானபின் ஏஜெண்டுகள் சைக்கிளில் தெருத்தெருவாக வந்தார்கள். அதெல்லாம் ஆயுளுக்கு. ஆள் வைத்து வேலை வாங்குகிறவனின் பொறுப்பை ஏற்கும் பாலிசி வேறு சாதி. அது பொது இன்சூரன்ஸ். 1973 ஜனவரி 1 முதல் நூற்றேழு கம்பெனிகளை அரசு எடுத்து நான்காக்கியது. அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. பஞ்சாலைக்காரர்களுக்கும் பஸ் முதலாளிகளுக்கும் அந்த ஆபீஸ்களின் வாசல் தெரியும். பெரிய ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மூன்று பேர், நான்கு பேராக ஏணியையும் துளைக்கிற உளியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற எங்களைப் போன்ற கூட்டத்துக்கு இருந்தது சங்கத்து உண்டியலும் கல்யாண மொய் மாதிரி கூடுகிற உதவியும்தான்.

அண்ணாச்சியிடம் இருந்த காப்பு வேறு. அவர் காக்கி டவுசரின் வலது பை. மெயினை இறக்கியதும் பீஸ் கேரியரைப் பிடுங்கி அந்தப் பையில் போட்டுக்கொள்வார். த்ரீ பேஸ் என்றால் மூன்றும் உள்ளே போகும். வேலை முடியும்வரை பீங்கான் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அவர் நடக்கும்போதெல்லாம் கேட்கும். "கேரியரு ஒன் பையில இருந்தா எமன் வந்தாலும் ஒன்கிட்ட கேட்டுத்தாம்ல மாட்டணும்" என்பார். பிறகு இரண்டு பல்பைத் தொடராகச் சேர்த்த டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு பேஸாகத் தொட்டுப் பார்ப்பார். கேரியர் பையில் இருந்தாலும் பார்ப்பார்.

1987 ஆனி மாதம். ஆடித்தபசுக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு தறி ஷெட்டில் ஸ்டார்ட்டர் ஒன்று சூடாகிறது என்று கூப்பிட்டார்கள். அண்ணாச்சி வேறொரு வீட்டில் இருந்தார். என்னையும் இருபத்திரண்டு வயது உதவியாள் ஒருவனையும் அனுப்பினார். நான் மெயினை இறக்கினேன். மூன்று கேரியரையும் பிடுங்கினேன். என் டவுசர் பை கிழிந்திருந்தது. மூன்றையும் மெயின் பெட்டியின் மேலே வைத்தேன். பஞ்சுத் தூசி விரலளவு படிந்திருந்த அந்தத் தகரத்தின் மேல் அவை பதிந்து நின்றது இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

டேப் வாங்க வெளியே போனேன். டீ குடித்துவிட்டு வந்த தறிக்காரர் கேரியர் வெளியே இருப்பதைப் பார்த்து, பீஸ் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, மூன்றையும் மாட்டி மெயினை ஏற்றிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. உள்ளே உதவியாள் ஸ்டார்ட்டரின் டெர்மினலை முறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூடிரைவர் இரண்டு பேஸுக்கும் நடுவில் இருந்தது. டப் என்ற சத்தம் தெருவுக்கே கேட்டது. ஓடிவந்தபோது ஷெட்டில் பஞ்சு கருகிய வாடை. அதில் இன்னொரு வாடையும் கலந்திருந்தது.

வாடகைக் காரில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுக்கவேண்டியதாயிற்று. அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏல, கேரியர எங்கல வச்ச?"

"பொட்டி மேல, அண்ணாச்சி."

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருக்கலாம்.

ஊர் பேசியது வேறு. ஐந்நூறு ரூபாயைக் கையில் கொடுத்து, இனி ஒன்றும் வேண்டாம் என்று எழுதி வாங்கிவிடச் சொன்னார்கள். அவன் வீட்டில் சம்மதிக்கவும் செய்வார்கள். ஐந்நூறு அன்றைக்குப் பெரிய பணம். ஆனால் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அப்படி எழுதி வாங்கும் காகிதம் செல்லாது. தொழிலாளியே மனமொப்பிக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. திருநெல்வேலியில் ஒரு வக்கீல் இதை அண்ணாச்சிக்கு விளக்கினார். அப்போது கூட வந்த ஒருவர், கூலி நோட்டை எடுத்து வைத்துவிடுங்கள், தினக்கூலி எட்டு ரூபாய் என்று சொல்லிவிடலாம், தொகை பாதியாகிவிடும் என்று யோசனை சொன்னார். கணக்கு அப்படித்தான்: நஷ்டஈடு கூலியைப் பார்த்தே நிற்கிறது. கூலிக்குச் சீட்டு இல்லாத தொழிலில் கூலி எவ்வளவு என்பது பேசுகிறவன் வாயில் இருக்கிறது.

அண்ணாச்சி நோட்டை மடியில் வைத்திருந்தார். "இதுல அவன் கையெழுத்து இருக்குவே" என்றார். "அந்த விரலால போட்ட கையெழுத்து."

கணக்கைச் சொல்கிறேன். நாளுக்குப் பதினைந்து ரூபாய், மாதம் இருபத்தாறு நாள், ஆக 390. 1984 திருத்தத்தின்படி முழு ஊனத்துக்கு மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். இருபத்திரண்டு வயதுக்கு அந்த எண் 221.37. பெருக்கினால் 43,167 ரூபாய் 15 காசு. ஒரு கையில் இரண்டு விரலுக்கு இருபது சதவீதம். 8,633 ரூபாய் 43 காசு. ஒப்பந்தம் எழுதி, நஷ்டஈட்டு ஆணையரிடம் பதிவு செய்தார்கள். தறி முதலாளி தாமாக மூவாயிரம் கொடுத்தார். மீதிக்கு அண்ணாச்சி வீட்டு மதினியின் சங்கிலி அடகுக்குப் போனது. என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் அழுதேன். "சட்டத்துல அப்படி இல்லல. ஆள வச்சவன்தான் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

நோட்டில் அந்த வருடப் பக்கங்களைப் பார்த்தால் ஆனி மாதம்வரை அவன் பெயருக்கு நேரே நெளிந்த, அழகான கையெழுத்து. பிறகு நான்கு மாதம் பெயரே இல்லை. கார்த்திகையில் மறுபடி வருகிறது. கையெழுத்து இருந்த இடத்தில் இடது பெருவிரல் ரேகை. தை மாதம் மறுபடியும் கையெழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி. அவன் இன்றும் இருக்கிறான். மோட்டார் காயில் கட்டுகிற வேலையை மூன்று விரலால் பழகி, சொந்தமாகக் கடை போட்டான்.

அடுத்த வருடம் அண்ணாச்சி திருநெல்வேலிக்குப் போய், தொழிலாளர் நஷ்டஈட்டுப் பொறுப்பை ஏற்கும் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி எடுத்தார். எங்கள் தொழிலில் இன்றும் அதற்கு அதே பெயர்தான். 2010 ஜனவரி 18 முதல் சட்டத்தின் பெயரில் 'தொழிலாளர்' போய் 'பணியாளர்' வந்தபின்னும் மாறவில்லை. விண்ணப்பத்தில் கேட்டவை மூன்றே விஷயம்: எத்தனை ஆள், என்ன வேலை, வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு கூலி. மொத்தக் கூலியின்மேல் ஒரு விகிதம் போட்டால் பிரீமியம் வந்துவிடும். அபாயம் கூடக் கூட விகிதம் கூடும். கம்பத்தில் ஏறுகிறவனுக்கும் வீட்டுக்குள் ஸ்விட்ச் பெட்டி மாட்டுகிறவனுக்கும் ஒரே விகிதம் இல்லை. அன்று எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டண அட்டவணை. 2007 ஜனவரி 1-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி விலை கேட்டுப் பார்க்கலாம். நான் ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன்.

விலை கேட்பதில் தப்பில்லை. பிரீமியத்தைக் குறைக்க ஆறு ஆளை இரண்டு என்று எழுதுவதும், பதினைந்தாயிரம் கூலியை ஆறாயிரம் என்று எழுதுவதும்தான் தப்பு. அடிபட்ட அன்று கம்பெனி முதலில் கேட்பது சம்பளப் பதிவேட்டை. எழுதாத ஆளுக்குப் பணம் வராது, எழுதாத கூலிக்கும் வராது. சட்டம் ஒப்பந்ததாரரை விடாது. ஒரு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் பன்னிரண்டு சதவீத வட்டி, தக்க காரணம் இல்லையென்றால் தொகையில் பாதிவரை அபராதம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கவேண்டும், அபராதத்தை ஒப்பந்ததாரரே கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது.

பாலிசி எடுத்தே ஆகவேண்டும் என்று 1923 சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பொறுப்பை வைத்தது, அந்தப் பொறுப்பைத் தாங்க அவனிடம் பணம் இருக்குமா என்று பார்க்கவில்லை. இங்கிலாந்தில் 1969-இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, 1972 முதல் முதலாளிக்கு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கினார்கள். ஜெர்மனி 1884-இலேயே விபத்து இன்சூரன்ஸ் கொண்டுவந்தது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே உடலுழைப்பு வேலைக்கு ஆள் வைத்தால் சம்பளம் எவ்வளவானாலும் விபத்து இன்சூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும். "இங்க மொதலாளிக்கு மனசு இருக்கான்னு நாம பாக்க வேண்டியதில்ல அண்ணாச்சி" என்று போனில் சொன்னான். நம் ஊரில் பெரிய கட்டடக் கம்பெனியும் வங்கியும் மில்லும் வேலைக்குள் விடுமுன் டபிள்யூ.சி. நகலைக் கேட்கிறார்கள். வீடு கட்டுகிறவர் கேட்பதில்லை. கேட்டால் ஒப்பந்ததாரர் எடுப்பார். சதுர அடிக்கு எவ்வளவு என்று விசாரிக்கிற வாயால் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தொகைகள் இப்போது பழைய மாதிரி இல்லை. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதக் கூலியின் உச்சம் 1984-இல் ஆயிரம் ரூபாய், 2010-இல் எட்டாயிரம், 2020 ஜனவரி 3 முதல் பதினைந்தாயிரம். முப்பது வயதுக்காரனுக்குப் பெருக்கும் எண் 207.98. அவன் இறந்தால் கூலியில் பாதி 7,500-ஐப் பெருக்கி 15,59,850 ரூபாய். எட்டாயிரம் உச்சமாக இருந்தபோது இதே குடும்பத்துக்கு 8,31,920 கிடைத்திருக்கும். முழு ஊனத்துக்கு இப்போது அறுபது சதவீதக் கணக்கு, 18,71,820. ஆள்காட்டி விரல் ஒன்றுக்கு அதில் பதினான்கு சதவீதம்: 2,62,054 ரூபாய் 80 காசு. இவையெல்லாம் மாதம் பதினைந்தாயிரம் வாங்கினான் என்று காட்ட முடிந்தால். நாளுக்கு எண்ணூறு, ஆயிரம் என்று கையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிற எங்கள் பையன்களில் எத்தனை பேரால் காட்டமுடியும்?

2000 வரை இன்னொரு ஓட்டையும் இருந்தது. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு எப்போதாவது கூப்பிட்ட ஆள் என்றால் அவன் தொழிலாளியே இல்லை என்று வாதாடலாம். அந்த வருடத் திருத்தம் அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. நஷ்டஈடு இனி அதற்குள். வேலைக்கு வருகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால், அது கணக்கில் எடுக்கிறது. ராஜபாளையம் சாலையில் இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக ஏணியோடு வருகிறவர்களை நினைத்தால் அந்த ஒரு வரி எத்தனை வீட்டுக்கு வேண்டியிருந்தது என்று தெரியும்.

எல்லாம் சொல்லியும் ஒருவர் விட்டுப்போகிறார்: ஆள் வைக்காமல் தானே ஏறி, தானே மாட்டுகிற ஒயர்மேன். அவனுக்கு முதலாளி கிடையாது. ஆகவே நஷ்டஈட்டுச் சட்டமும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். அவனுக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, 1994 நவம்பர் 30-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். மின் பணியாளும் அதில் சேரலாம். அட்டையை மட்டும் வாங்கி வைத்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்கள் நிறைய. இன்னொன்று, வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை பிடிக்கிற பிரதமரின் சுரக்ஷா பீமா. 2015-இல் பன்னிரண்டு ரூபாய், 2022 ஜூன் முதல் இருபது. விபத்துச் சாவுக்கு இரண்டு லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ முழுதாகப் போனால் ஒரு லட்சம். விரலுக்கு அதில் ஒன்றுமில்லை. இருபது ரூபாய்க்கு அதிகம் கேட்கக்கூடாது, எடுக்காமலும் இருக்கக்கூடாது. அதற்கு மேலே தனிநபர் விபத்து பாலிசி ஒன்று வேண்டும். எடுக்கும்போது வேலை 'எலக்ட்ரீஷியன்' என்று உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும். பிரீமியம் கூடும் என்று 'வியாபாரம்' என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

நாம் செய்த வேலையால் பிறருக்கு அடிபட்டால் என்ன என்பது தனிக் கதை. அறுந்து கிடந்த கம்பியில் சைக்கிள்காரர் சிக்கி இறந்த மத்தியப் பிரதேச வழக்கில், கவனக்குறைவு இல்லை என்று நிரூபித்தாலும் மின்வாரியம் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வாரியத்துக்கு. மீட்டருக்கு இந்தப் பக்கம், புது சர்வீஸுக்காக டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் நான். இன்சுலேஷனை மெகர் வைத்துப் பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. 1987-க்குப் பிறகு என்னால் முடியாது.

அண்ணாச்சி கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது நோட்டை என்னிடம் கொடுத்தார். பின் பாதி வெற்றாக இருந்தது. நான் அதிலேயே தொடர்ந்து எழுதினேன். பிறகு நான்கு நோட்டு ஆகிவிட்டது. இப்போது கூலி வங்கிக்குப் போகிறது, ஆனாலும் நோட்டு உண்டு.

போன ஆடியில் புதிதாக ஒரு பையன் வந்தான். பத்தொன்பது வயது, கழுகுமலைப் பக்கம். தபசுக்காகத் தெருவில் சீரியல் செட் கட்டும் வேலை. காலையில் ஆதார் அட்டையைக் கேட்டேன்.

"வேலைக்குத்தான வந்தேன், பொறந்த தேதி எதுக்கு அண்ணாச்சி?"

"எழுதணும்ல. அம்மா பேரு என்ன?"

சொன்னான். எழுதிக்கொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்னேன். பெயரை முழுதாக, நிதானமாகப் போட்டான். பெட்டியைத் திறந்து மெயினை இறக்கி, மூன்று கேரியரையும் பிடுங்கினேன். அவன் பேண்ட் பைக்குள் என் கையை விட்டுத் துழாவினேன். கிழிசல் இல்லை. ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன். ஏணியில் ஏறும்போது பீங்கான் உரசுகிற சத்தம் கேட்டது.